ஏற்றத்தில் இரண்டு நிமிடம்

பின்னங்காலில் யாரோ உதைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். டிப்போ முற்றத்தில், மதிய ஷிஃப்டுக்கு முன்னால் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தோம். எட்டாத பந்துக்கு எம்பினேன். டப்பென்று ஒரு சத்தம். வலது குதிகாலுக்கு மேலே ஓங்கி ஓர் உதை. திரும்பிப் பார்த்தால் டிப்போ எலெக்ட்ரீஷியன் கையில் மட்டையோடு நிற்கிறான். சும்மா விடுவேனா?

"ஆட வந்தியா, உதைக்க வந்தியா?"

"அக்கா, நான் எங்க நிக்கறேன், நீங்க எங்க நிக்கறீங்க? இங்கேருந்து உதைக்க என் கால் என்ன ரப்பரா?"

அவன் நின்ற இடம் ஆறடி தள்ளி. அது எனக்கும் தெரிந்தது. ஆனாலும் வாயை ஆரம்பித்த பிறகு பாதியில் நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. பெற்ற பெண் மேல் சத்தியம் செய்துவிட்டு அந்த மனுஷன் போனான்.

நான் பஸ் ஓட்டுகிறவள். பதினாறு வருடம் ஆகிறது. அதில் பன்னிரண்டு வருடமாக எட்டாம் நம்பர் ரூட் என்னுடையது. எங்கள் டிப்போவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. உடம்புக்கு என்ன என்று யார் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்ல வேண்டும். ஏதோ இருக்கிறது என்று சொன்னால் பெயர் உபரிப் பட்டியலுக்குப் போய்விடும். குணமாகித் திரும்பினால் நம் ஸீட்டில் வேறொருவர் சட்டமாக உட்கார்ந்திருப்பார். காய்ச்சலோடு ஓட்டியவர்கள், கல்லடைப்போடு ஓட்டியவர்கள் எல்லாம் எங்களில் உண்டு. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம்.

மறுநாள் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சின்ன வயசு. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். அவர் என் பாதத்துக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, "கீழ அழுத்துங்க பார்க்கலாம்" என்றார்.

"தினம் பிரேக் அழுத்துற கால் டாக்டர் இது. கையப் பத்திரமா வெச்சுக்குங்க" என்று சொல்லி, பல்லைக் கடித்து ஓர் அழுத்து அழுத்தினேன்.

அவர் சிரித்துவிட்டார். வெறும் சுளுக்குதான் என்று சொல்லி, இழுத்துக் கட்டுகிற பட்டையும் பத்து நாள் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். ஓர் உள்ளங்கையைத் தள்ளுகிற அளவுக்குக் காலில் வேறு சின்னச் சின்னத் தசைகள் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த ஒற்றைக் காலில் நுனிவிரல் ஊன்றி நிற்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். அவர் சொல்லவில்லை. நான் அவரைச் சொல்லவும் விடவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னை வைத்துத்தான். தப்பில் பாதி என்னுடையது என்று இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். பாதிக்கு மேல் ஒரு துளியும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியே ஏழு வாரம் ஓட்டினேன். பிரேக் மிதிப்பதற்கு முறை இருக்கிறது. குதிகால் தரையில் ஊன்றி இருக்க வேண்டும், முன்பாதம் மட்டும் மிதியை மெல்ல அமுக்க வேண்டும். அது எனக்கு வரவில்லை. அதனால் முழங்காலோடு காலைத் தூக்கி, தொடை பலத்தில் மிதித்தேன். பஸ் நிற்கத்தான் செய்தது, அறை வாங்கியது மாதிரி நின்றது. நிற்கிற சனம் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தது. பழுதுப் புத்தகத்தில் "பிரேக் சரியில்லை" என்று மூன்று தடவை எழுதினேன். மெக்கானிக் மூன்று தடவையும் கழற்றி மாட்டிவிட்டு, "பிரேக் தங்கமா இருக்குக்கா" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஒரு நாள் கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகும் ஒரு பெண் மட்டும் இறங்கவில்லை. கம்பியில் இடித்துத் தாடை சிவந்திருந்தது. தினமும் வருகிறவள்தான். பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மனுஷங்களத்தான ஏத்திட்டு வர்றீங்க, மூட்டை இல்லையே?" என்று சண்டைக்குத்தான் வந்தாள்.

பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஸீட்டை விட்டு இறங்கி இரண்டு அடி வைத்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

"கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத கால் இப்படி நடக்காது. இந்த ஸீட் மேல முட்டி போட்டு ஏறுங்க. பாதம் ரெண்டும் வெளிய தொங்கட்டும்."

எதற்கு அவள் சொன்னதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. ஏறினேன். இடது ஆடுசதையைப் பிடித்துப் பிசைந்தாள். பாதம் ஆமாம் என்று தலையாட்டுகிற மாதிரி அசைந்தது. வலதைப் பிசைந்தாள். அசையவே இல்லை. திரும்பவும் பிசைந்து, போனில் படம் பிடித்து என்னிடம் காட்டினாள். என் கால்தான். தொங்கிக்கொண்டே இருந்தது.

"பின்னங்கால் தசைநார் அறுந்து போயிருக்கும்மா. எத்தனை நாளா இப்படி?"

"ஏழு வாரம்."

"ஏழு வாரமா பஸ் ஓட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவளே ஸீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கால் போனதற்காக இல்லை. என் ரூட்டில் ஒரு பள்ளிக்கூடம், அதன் வாசலில் ஓர் இறக்கம். ஏழு வாரமாகத் தினம் ஆறு தடவை, அந்த இறக்கத்தில் இந்தக் காலை நம்பித்தான் இறங்கியிருக்கிறேன். டிப்போவுக்குப் போன் செய்து வேறு டிரைவரை அனுப்பச் சொன்னேன். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

அறுத்துத் தைத்தார்கள். நாள் தள்ளிப் போனதால் அறுந்த இரண்டு முனையும் தூரமாக விலகிப் போயிருந்தனவாம். பெருவிரலுக்குப் போகிற தசைநாரை எடுத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். "உடனே வந்திருந்தா சின்ன வேலையா முடிஞ்சிருக்கும்" என்றார் சர்ஜன். முதலில் மாவுக்கட்டு. பிறகு முழங்கால் வரைக்கும் ஒரு பூட்ஸ். அதற்குள் குதிகாலுக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்றாக ஆப்பு வைத்திருந்தது. இரண்டு வாரத்துக்கு ஓர் ஆப்பை உருவ வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து டிப்போ மேனேஜரின் கடிதம் வந்தது. எட்டு மாதம் கழித்துச் சோதனை. ஓட்டத்தில் மூன்று தடவை கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். பிறகு பணிமனைக்குப் பின்னாலிருக்கும் ஏற்றத்தில், கால் பிரேக் ஒன்றிலேயே பஸ்ஸை இரண்டு நிமிடம் பிடித்து வைக்க வேண்டும். சோதனைக்கென்று வைத்திருக்கும் பஸ்ஸின் மிதி இரும்பு மாதிரி இருக்கும். தவறினால் நிரந்தரமாக விசாரணைக் கவுண்டர். அந்தக் கவுண்டரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கண்ணாடி, அதில் ஓர் ஓட்டை. "எட்டாம் நம்பர் எப்ப வரும்?" என்று நாளெல்லாம் கேட்பார்கள். அந்த எட்டாம் நம்பரை வேறொருத்தி ஓட்டிக்கொண்டு வருவாள், நான் அதற்கு நேரம் சொல்ல வேண்டும். அதைவிட நாண்டுகொள்ளலாம்.

வீட்டில் எனக்குத் துணைக்கு வந்தவள் நாத்தனார். இரண்டு தெரு தள்ளி அழகு நிலையம் வைத்திருக்கிறாள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அவள் பெயர் ரேடியோ. காலையில் ஆரம்பித்தால் கரண்ட் போனாலும் நிற்காது. முதல் நாள் என் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்துவிட்டு, பெருவிரலுக்கு மட்டும் சிவப்புப் பூசினாள்.

"இதென்ன கூத்து?"

"தன்னோட நரம்பையே தானம் பண்ணின விரல் அண்ணி. தியாகிக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

வலியிலும் சிரித்துத் தொலைத்தேன்.

கட்டுப் பிரித்ததும் அந்த பிசியோ பெண்ணிடமே போனேன். தாடை இடித்த கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை என்று நினைக்கிறேன், அப்படி வேலை வாங்கினாள். பூட்ஸ் கழன்ற பிறகு வீட்டுக்கு ஒரு வேலை கொடுத்தாள். எடை பார்க்கிற தட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் தட்டை அமுக்க வேண்டும். முள் இருபத்தைந்து கிலோவில் இரண்டு நிமிடம் நின்றால், அந்த மிதியும் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னாள்.

ரேடியோ தரையில் படுத்து முள்ளைப் படித்தாள். "நாலு கிலோ. தக்காளி வாங்கறதுக்கு ஆகும் அண்ணி."

நாலு ஏழாயிற்று, ஏழு பதினொன்றாயிற்று. பதினொன்றோடு முள் உட்கார்ந்துவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம், அதே பதினொன்று. அந்த நாலாம் வாரக் கடைசியில் தட்டை எடுத்து வீசினேன். சுவரில் காரை பெயர்ந்தது. "எனக்கு கவுண்டர்தான்னு தலையில எழுதியிருக்கு, விடுங்க" என்று கத்திவிட்டு, சமையலறையில் போய் உட்கார்ந்து அழுதேன். விசும்பல் இல்லை, வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்காரர் என்னோடு சண்டை போட மாட்டார். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர், நாளெல்லாம் முள்ளோடு வாழ்கிற ஆள். தட்டை எடுத்துத் துடைத்து, திரும்பச் சுவரோரம் வைத்தார்.

"போன மாசம் பதினொண்ணுல எவ்வளவு நேரம் நின்ன?"

"மூணு செகண்ட்."

"இன்னைக்கு?"

யோசித்துப் பார்த்தேன். "நாப்பது."

"அப்ப முள்ளு நிக்கல. நீ நிக்கற" என்றார்.

மனுஷன் வருடத்துக்கு ஒரு வார்த்தை பேசினாலும் இப்படிப் பேசிவிடுகிறார். மூக்கைச் சிந்திவிட்டு நாற்காலிக்குப் போனேன்.

ஏழாம் மாதம் முள் இருபத்தைந்தைத் தொட்டது. ஆனால் நிற்கிற நேரம்தான் போதவில்லை. எவ்வளவு முக்கினாலும் ஒரு நிமிடம் பதினைந்து செகண்டில் கெண்டைக்கால் உதற ஆரம்பித்துவிடும்.

சோதனைக்கு முந்தின நாள் ரேடியோ என் காதருகே வந்து, "அண்ணி, பழையபடி தொடையால மிதிச்சுடுங்களேன். ஆபீசர் என்ன குனிஞ்சா பார்க்கப் போறார்?" என்றாள்.

திட்டினேன். ஆனால் அந்த யோசனை எனக்கு அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தது. வராதா பின்னே? ஏழு வாரம் அதில்தானே ஓட்டினேன்.

சோதனை ஆபீசர் கதவோரம் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து என் கால் தெரியாது. மூன்று தடவை நிறுத்தச் சொன்னார். மூன்றும் கோட்டுக்குள் நின்றன. பிறகு ஏற்றம். பாதி மேட்டில் நிறுத்தி, பிரேக்கில் காலை வைத்தேன். குதிகால் தரையில். அவர் ஸ்டாப்வாட்சை அமுக்கினார்.

ஒரு நிமிடம் போயிற்று. பதினைந்து செகண்ட். உதறல் ஆரம்பித்தது. முழங்காலை நாலு விரற்கடை தூக்கினால் போதும், தொடை பார்த்துக்கொள்ளும், எட்டாம் நம்பர் என்னுடையது. யாருக்கும் தெரியப் போவதில்லை. எனக்குத் தெரியும். நாளைக்கு இதே காலோடு அந்தப் பள்ளிக்கூடத்து இறக்கத்தில் இறங்கப் போகிறவளும் நான்தான். என் மேல் எனக்கே அப்படி ஒரு கோபம் வந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.

"முடியல சார்."

அந்த வார்த்தையைச் சொல்லும்போது நாக்கு கூசியது. அவர் வாட்சைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் இருபத்திரெண்டு செகண்ட்."

"கவுண்டர் எந்தத் தேதியிலேருந்து சார்?"

"எந்தக் கவுண்டர்? பஸ் உருண்டுதா?"

"உருள விடல."

"உருண்டாதான்மா தோல்வி. டிரைவரே சொல்லி நிறுத்தினா இன்னொரு தேதி கொடுக்கணும்னு விதியில இருக்கு." விதிப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். "இதுவரைக்கும் ஒருத்தரும் முடியலன்னு சொன்னதில்ல. அதனால இப்படி ஒரு விதி இருக்கறது யாருக்கும் தெரியல."

ஆறு வாரம் கொடுத்தார். முப்பத்தெட்டு செகண்டுக்கு ஆறு வாரம். வாரத்துக்கு ஏழு செகண்ட் கூட இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். ரேடியோ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"பாஸா, ஃபெயிலா?"

"ரெண்டும் இல்ல. போய்த் தட்டை எடுத்து வை."

அந்த ஆறு வாரமும் அவள் பாட்டுக்குத் தரையில் படுத்துச் செகண்ட் எண்ணினாள். அழகு நிலையத்துக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கே தேடி வந்தார்கள். ஒருத்தி புருவத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அவளோடு சேர்ந்து எண்ணினாள்.

மறுபடியும் அதே ஆபீசர், அதே ஏற்றம். குதிகாலை ஊன்றினேன். ஒன்று பதினைந்து வந்தது, போனது. ஒன்று இருபத்திரண்டு வந்தது. அந்த இடத்தில் மட்டும் எனக்கு மூச்சு நின்றது. கால் விடவில்லை, பிடித்தபடி இருந்தது. ஒன்று ஐம்பதில் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி, வேர்வை கண்ணில் இறங்கியது. கண்ணை மூடாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு நிமிஷம் ஆச்சு. போதும்மா, ஹேண்ட்பிரேக் போட்டுட்டுக் கால எடுங்க" என்றார்.

"இருங்க சார்" என்றேன்.

"பாஸ்தாம்மா. எழுதிட்டேன்."

"எழுதுங்க சார். கொஞ்சம் இருங்க. எது வரைக்கும் தாங்குதுன்னு எனக்குத் தெரியணும்."

அவர் பேனாவை மூடிவிட்டு, திரும்ப வாட்சைப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் முப்பத்தொன்றில்தான் கால் லேசாக உதறியது. அப்போது ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.