கதவில்லாத ஹெலிகாப்டரில் கடுகு மஞ்சள் காலுறை

1

இந்தக் கதை எனக்கு ஒரு நூடுல்ஸ் கடையில் கிடைத்தது. நாகசாகியில், டிராம் வண்டி துறைமுகத்தைப் பார்த்துத் திரும்பும் முனையில் இருக்கும் கடை. சொன்னவள் ஹெலிகாப்டர் ஓட்டும் காஜியா. கிண்ணத்துச் சாற்றை உறிஞ்சி முடித்துவிட்டு, "இத மட்டும் எழுதினே, அடுத்த தடவ உன்ன ஏத்திட்டுப் போய் நடுக்கடல்ல கொட்டிருவேன்" என்றாள். அப்படிச் சொன்னவள்தான் இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் கேட்டு வாங்கிப் படிக்கிறாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நீலக் கடலின் மேல் ஒரு தும்பியைப் போல அந்த ஹெலிகாப்டர்…

[அடித்துவிட்டேன். ஹெலிகாப்டரைத் தும்பி என்பவன் அதில் ஏறியதில்லை என்று அர்த்தம். உள்ளே உட்கார்ந்தால் அது மாவரைக்கும் கிரைண்டர்.]

மறுபடி:

மனைவியை இழந்த ஒளிப்பதிவாளர் உராகாவா, வானத்திலிருந்து அவள் முகத்தைத் தேடி…

[இதையும் அடித்தேன். மனைவியைச் சாகடித்துவிட்டால் எழுதுகிறவனுக்கு வேலை சுலபம். ஆனால் உராகாவாவின் மனைவி சிஸூரு நன்றாக உயிரோடு இருக்கிறாள். சிக்கலே அதுதான்.]

2

உராகாவா உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு ஹெலிகாப்டரிலிருந்து படம் பிடிப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். அகலமான தோள், சுருக்கமான பேச்சு. அவரைப் பற்றி ஊரில் சொல்வது ஒன்றுதான்: அவர் எடுத்த படம் ஆடாது.

ஆடாத படம் லேசுப்பட்ட காரியமில்லை. பறக்கும் ஹெலிகாப்டரில் ஒவ்வொரு ஆணியும் நடுங்குகிறது. கதவுச் சட்டத்தில் முழங்கையை ஊன்றினால் நல்ல பிடிமானம் போலத் தோன்றும். அங்கேதான் ஏமாறுவோம். சட்டத்தின் நடுக்கம் கை வழியாக ஏறி நேரே கேமராவுக்குள் போய்விடும். எதிலும் சாயக்கூடாது. கூரையிலிருந்து தொங்கும் ரப்பர்க் கயிறு கேமராவின் பாரத்தைப் பார்த்துக்கொள்ளும். மிச்ச நடுக்கத்தை உடம்புதான் விழுங்க வேண்டும். மூச்சைக்கூட மெல்ல விடவேண்டும்.

(* "எல்லாம் சரி. ஓட்டுறவ நல்லா ஓட்டணும்ங்கறத விட்டுட்டியே" என்றாள் காஜியா. சேர்த்துக்கொள்கிறேன்: ஓட்டுகிறவள் நன்றாக ஓட்டவேண்டும்.)

இது பழைய முறை. இப்போது ஹெலிகாப்டரின் மூக்குக்குக் கீழே பந்துபோல ஒரு கேமரா மாட்டியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது தானே நிமிர்ந்துகொள்ளும். உராகாவா உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்துப் பிடியைத் திருப்பினால் போதும். சிஸூருவுக்கு இதில் பெரிய நிம்மதி. கதவைக் கழற்றி வைத்துக் காலை வெளியே தொங்கவிட்டு எடுக்கும் வேலை இனிமேல் கிடையாது என்று அவரிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

பதிலுக்கு அவரும் ஒன்று வாங்கிக்கொண்டார். போன குளிர்காலத்தில் சிஸூருவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கோடை வந்ததும் மருத்துவர், "பழையபடி எல்லாம் செய்யலாம்" என்று சொல்லிவிட்டார். உராகாவாவுக்கு அது காதில் ஏறவில்லை. அவள் படியேறினால் பின்னாலேயே கையை ஏந்திக்கொண்டு போனார். அரிசிப் பையைத் தொடவிடவில்லை. சிஸூருவோ துறைமுகத்தில் கோடைதோறும் நடக்கும் பேரோன் படகுப் போட்டியில் தன் பேட்டைப் பெண்கள் படகுக்கு முரசு அடிக்கிறவள். அந்தப் பக்கமே போகக்கூடாது என்பதுதான் அவர் வாங்கிய சத்தியம்.

"என்ன, அலமாரியில வெச்ச பீங்கான் கிண்ணம்னு நெனச்சீங்களா?"

"கிண்ணம் ஒடைஞ்சா வேற வாங்கிக்கலாம்."

சத்தியம் செய்து கொடுத்தாள்.

3

போட்டி நாள் காலை. பந்துக் கேமராவைப் போட்டுப் பார்த்தால் திரையில் துறைமுகமே ஒருபக்கமாகச் சரிந்து நின்றது.

"ராத்திரி குடிச்சிட்டு வந்திருக்கு போல" என்றாள் காஜியா.

தட்டிப் பார்த்தார்கள், அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். போதை தெளியவில்லை. போட்டி யாருக்காகவும் காத்திருக்காது. உராகாவா ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு கதவின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார். கழற்றும்போது அவர் சீட்டியடித்தார் என்கிறாள் காஜியா. [அவர் துக்கத்தோடு கழற்றினார் என்று எழுதியிருந்தேன். "பொய். கல்யாண மாப்பிள்ள மாதிரி இருந்தாரு" என்று அடித்துக்கொடுத்தாள்.]

"அண்ணே, அண்ணிக்குத் தெரிஞ்சா?"

"அவ இன்னைக்கு இசஹாயாவுல, அக்கா வீட்ல. நீ வாய மூடிக்கிட்டு ஓட்டு."

இடுப்பில் கச்சையைக் கட்டி, கொக்கியை மாட்டி, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தார். காலில் கடுகு மஞ்சளில் கம்பளிக் காலுறை. குளிர்காலத்தில் படுக்கையில் இருந்தபோது சிஸூரு பின்னியது. உலகத்தில் வேறு எந்த மனிதனும் அந்த நிறத்தில் காலுறை போடமாட்டான்.

4

பெண்கள் இறுதிப் போட்டி. ஒல்லியாக, நீளமாக நான்கு படகுகள். துடுப்புகள் ஒன்றுபோல விழுந்து எழுகின்றன. காஜியா காற்றுக்கு முகம்கொடுத்து, பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்த்திக்கொண்டு போனாள். உராகாவா முந்திப் போகும் படகைக் கேமராவின் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். மெல்ல நெருக்கமாக்கினார். துடுப்புகள், தோள்கள், நடுவில் முரசு, முரசுக்குப் பின்னால் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண்.

இசஹாயாவில் அக்கா வீட்டில் இருக்கவேண்டிய பெண்.

"காஜியா, கீழ எறக்கு."

"எதுக்கு?"

"எறக்கு சொல்றேன். முரசடிக்கிறது சிஸூரு."

"அண்ணியா? எறக்கினா நம்ம காத்துலயே படகு கவுந்துரும். பொண்டாட்டிய நீங்களே முழுகடிக்கணுமா?"

"அவ மொகம் செவந்திருக்கு."

"வெயில்ல எல்லாருக்கும்தான் செவந்திருக்கு. படத்த எடுங்க."

அந்த நேரம் பார்த்துச் சிஸூரு அண்ணாந்தாள். கேமராவுக்குள் அவள் முகம் நிறைந்தது. அவள் கண்ணில் பட்டது முதலில் ஹெலிகாப்டர். பிறகு கதவில்லாத ஓட்டை. பிறகு வெளியே ஆடும் இரண்டு கடுகு மஞ்சள் கால்கள். அவள் வாய் திறந்தது. வலது கை தாளம் தவறாமல் அடித்துக்கொண்டே இருக்க, இடது கைக் குச்சி மட்டும் மேலே உயர்ந்து அவரை நோக்கி நீண்டது.

5

இங்கே நான் எழுதியிருந்தது:

அத்தனை வருடத்தில் முதல்முறையாக உராகாவாவின் கை நடுங்கியது. படம் ஆடியது. அந்த ஆட்டத்தில்தான் எத்தனை காதல்…

காஜியா இந்தத் தாளைச் சாற்றுக் கிண்ணத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆடவே இல்ல."

"ஆடினாத்தானே கதை?"

"சாயங்காலம் டிவியில போட்டாங்க, நீயே பாத்திருப்பே. அந்த ஆளு அவ்ளோ அசையாம எடுத்து நான் பாத்ததில்ல. பக்கத்துல இருந்தவ நான். மூச்சே விடல. செத்துட்டாரோன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன்."

எனக்கு நடுக்கம் வேண்டியிருந்தது. அவருக்கு அவள் வேண்டியிருந்தாள். ஆடினால் முகம் கலங்கும். கலங்கினால் அவள் நிறம், மூச்சு, உதடு எதுவும் தெரியாது. கரை வரைக்கும் அவளை அப்படியே பிடித்துக்கொண்டு போனார். மற்ற மூன்று படகுகளையும் மறந்துவிட்டார். நல்லவேளை, ஜெயித்தது அவள் படகு.

6

முடிவுகள் கைவசம் சில உண்டு.

(அ) சிஸூரு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறாள். [தரமாட்டேன். கேட்கவும் வேண்டாம்.]

(ஆ) இருவரும் ஒன்றும் நடக்காததுபோல வீட்டுக்குப் போய், இசஹாயா எப்படி, பந்துக் கேமரா எப்படி என்று விசாரித்துக்கொள்கிறார்கள். [எனக்குப் பிடித்தது. ஆனால் நடக்கவில்லை.]

நடந்தது இவ்வளவுதான். ஹெலிகாப்டர் இறங்கியதும் உராகாவா கச்சையைக்கூட அவிழ்க்காமல் டாக்சி பிடித்தார். காஜியாவும் தொற்றிக்கொண்டாள். துறைமுகச் சுவரில் சிஸூரு ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர் நேரே போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். குளிர்காலத்திலிருந்து வந்த பழக்கம். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள், இடுப்பில் தொங்கும் கொக்கியைப் பார்த்தாள், பிறகு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரே நேரத்தில் இருவரும் வாயைத் திறந்தார்கள்.

"அங்க நிக்க எனக்கென்ன பைத்தியமா? நான் ஐஸ் வாங்கப் போயிட்டேன்" என்றாள் காஜியா.

"காஜியா! கதைக்கு அதுதானே வேணும்!"

"அன்னைக்கு நல்ல வெயில். வரிசை ரொம்ப நீளம். திரும்பி வந்தா ரெண்டு பேரும் தோளோட தோள் ஒட்டி உக்காந்திருக்காங்க. என்னப் பாத்ததும் அண்ணி, 'கதவில்லாம இவர ஏத்திட்டுப் போனது நீதானே?'ன்னு பாயறாங்க. அவரு, 'எறக்குன்னா எறக்கமாட்டேன்னு சொன்னவளும் இவதான்'ங்கறாரு. எனக்கு வாங்கின ஐஸையும் புடுங்கித் தின்னுட்டாங்க."

வாயைத் திறந்ததற்கும் ஐஸைப் பிடுங்கியதற்கும் நடுவே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எழுதிப் பார்த்தேன். நான் எழுதிய உராகாவா மன்னிப்புக் கேட்டார். நான் எழுதிய சிஸூரு அழுதாள். இருவரையுமே நம்ப முடியவில்லை. கிழித்துவிட்டேன். ஐஸ் வரிசை நீளமானது, உங்களுக்கு நேரம் இருக்கிறது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் யாரைப் பேசவிடுவது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் அவரை வாக்கியத்தை முடிக்க மட்டும் விடாதீர்கள்.