வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் ஒரு மௌனம்

தேவயானி வாயைத் திறக்காமல் பேசியது, அவளுடைய நிச்சயதார்த்த வீடியோவிலிருந்து நீக்கிய இரைச்சலில்தான் முதலில் கேட்டது. மலையில் சாமை அறுப்பு முடிந்திருந்த வாரம் அது. கேட்டவள் சலீமா. ஆலங்காயத்தில் அவளுடைய அண்ணன் உஸ்மான் கல்யாண வீடியோ கடை வைத்திருந்தான். ஒலியைச் சுத்தம் செய்வது இவள் வேலை. பேச்சில்லாத இடம் ஒன்றைப் பிடித்து, இதுதான் இரைச்சல் என்று கம்ப்யூட்டருக்குக் காட்டிவிட்டால், அது முழுப் பதிவிலிருந்தும் அதை உருவி எடுத்துவிடும். பேச்சும் சேர்ந்து அறுபட்டதா என்று பார்க்க, உருவியதை மட்டும் தனியாகக் கேட்கவும் வழி உண்டு. ஜவ்வாது மலையின் காட்டுநாவல் ஊர் நிச்சயங்களில் அப்படியோர் இடத்தைத் தேடவே வேண்டாம். ஊர்ப் பெரியவர் பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பார். பெண் பேசாமல் நிற்பாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு வெற்றிலைத் தட்டை மாற்றுவார்கள். தேவயானி நின்ற அந்த மௌனத்தைத்தான் சலீமா இரைச்சலென்று காட்டியிருந்தாள்.

ஹெட்போனில் தகரக்கூரைக் காற்று, ஒரு கோழி, அவற்றுக்கு அடியில் பெண் குரல். "வேணாங்க. அந்தாளு மொதல்ல கட்டுனவ ஏன் கெணத்துல வுழுந்தா, யாருனா கேளுங்க." படத்தில் தேவயானியின் உதடுகள் ஒட்டியே இருந்தன. சலீமா மறுபடி ஓடவிட்டாள். குரல் மாறவில்லை. கல்யாணம் வருகிற வியாழக்கிழமை.

"மிஷின் கோளாறு," என்றான் உஸ்மான், ஹெட்போனைக் கழற்றிவிட்டு. "சுத்தம் பண்ணத மட்டும் குடுத்துடு சலீமா. நமக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

அந்தக் குரலை அழிக்க ஒரு சொடுக்குப் போதும் என்பதுதான் சலீமாவைப் பயமுறுத்தியது. புதன்கிழமை முதல் பஸ்ஸில் லேப்டாப்போடு மலையேறினாள்.

பெண் வீட்டில் பந்தல் போட்டாகிவிட்டது. மாப்பிள்ளை ரங்கசாமி, புளி வியாபாரி, கூரைப்புடவையைக் கொடுக்க வந்தவன் பந்தல்காலைப் பிடித்தபடி நின்றான். சலீமா யாருக்கும் எதையும் விளக்கவில்லை. ஊர்ப் பெரியவர் ராஜாக்கண்ணுவின் முன்னால் லேப்டாப்பைத் திறந்து ஒலியைக் கூட்டிவைத்தாள். குரல் பந்தல் முழுவதும் கேட்டது.

"டவுன்ல எத வேணா ஒட்டிக் குடுப்பாங்க," என்றான் ரங்கசாமி. "வாயே தொறக்காதவ எப்டிங்க பேசுவா?" சிரித்தான். கூடச் சிரிக்க ஆளில்லை.

பெரியவர் தேவயானியைக் கூப்பிட்டார். "இன்னா பாப்பா, நீதான் பேசுனியா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லித் தொலையேன்டி!" என்று பல்லைக் கடித்தான் அவள் அண்ணன் சந்திரன். அவள் சொல்லவில்லை. ரங்கசாமி ஓரடி முன்னால் வந்தான். சலீமா போனை நீட்டி அந்த மௌனத்தையும் பதிவுசெய்தாள். அங்கேயே உட்கார்ந்து இரைச்சலைப் பிரித்து ஓடவிட்டாள். காற்று. பந்தல் துணி படபடப்பது. வெகுநேரம் அதுதான். பிறகு:

"இன்னும் எத்தினி தடவ சொல்றதுங்க?"

சந்திரன் வீட்டுக்குள் போய் நிச்சயத் தட்டை எடுத்துவந்தான். பெரியவர் அதை வாங்கி ரங்கசாமியின் கையில் வைத்தார். பொழுது சாய்வதற்குள் பந்தலைப் பிரித்துவிட்டார்கள்.

மறு வருடம் தேவயானியை நம்மியம்பட்டிலிருந்து கேட்டு வந்தார்கள். பெரியவர் கேள்வியைக் கேட்டார். அவள் நின்றாள். சலீமா அந்த மௌனத்தைப் பிரித்து ஹெட்போனை அவரிடம் கொடுத்தாள். இரு வீட்டாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"காத்துதான்," என்றார்.

வெற்றிலை மாற்றினார்கள்.