பின்சீட்டில் படுத்திருந்தவர்

தெருவில் அவள் கணவருக்கு டார்ச் மாமா என்று பெயர். வைத்தது பிள்ளைகள், பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மூன்று மாதத்துக்கு முன் இரண்டு கார்களின் கண்ணாடியை உடைத்து யாரோ பையையும் மடிக்கணினியையும் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து தினமும் இரவு எட்டு மணிக்கு அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வரிசையாக நிற்கும் ஒவ்வொரு காருக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். சீட்டில் ஒரு குடை கிடந்தாலும் போச்சு. தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வண்டி எண்ணோடு செய்தி வந்துவிடும்: ‘இன்று பொருள் விட்டுச் சென்றவர்.’ பகலெல்லாம் தபால் நிலையத்தில் பார்சலை எடை போட்டுக்கொண்டு, யார் அதட்டினாலும் தலையாட்டுகிற மனிதர்தான். டார்ச் கைக்கு வந்தால் ஆளே மாறிவிடுவார்.

மாடிவீட்டு அக்கா மட்டும் அந்தச் செய்தியில் நான்கு முறை வந்துவிட்டார். ஒருமுறை காலி டிபன் டப்பாவுக்காக. “திருடன் வந்து அதக் கழுவி வெச்சுட்டுப் போனா எனக்கு நல்லதுதானே” என்று அவர் கேட்டதற்கு டார்ச் மாமா சிரிக்கவே இல்லை.

அவள் வேலை செயற்கைக் கால் செய்வது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் நீளமான பட்டறையில் மாவுக்கட்டு வாசனையும் உருகிய பிளாஸ்டிக் வாசனையுமாகப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. அந்த மாதம் அவள் செய்த கால் ஒரு பஸ் கண்டக்டரம்மாவுக்கு. விபத்தில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பஸ் டிப்போவில் தகுதிப் பரிசோதனை வைத்திருந்தார்கள்: மூன்று முறை படி ஏற வேண்டும், ஓடுகிற பஸ்ஸில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். புண் ஆறவில்லை என்று இரண்டு முறை தேதி தள்ளிப் போனது. மூன்றாவது தடவையும் வராவிட்டால் வேலை இல்லை என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். கால் தயாரான நாளுக்கு மறுநாள் காலை பத்து மணிதான் அந்த மூன்றாவது தேதி.

கால் என்றால் வெறும் கால் இல்லை. எந்த ஷூவைப் போட்டு நடக்கப்போகிறார்களோ அந்த ஷூவை மாட்டித்தான் அளவு பார்ப்பார்கள். குதிகால் அரை விரல் உயர்ந்தாலும் இடுப்பு கோணிவிடும். அதனால் கண்டக்டரம்மாவின் கறுப்பு ஷூ சாக்ஸோடு அந்தக் காலிலேயே இருந்தது. கடைசி முடுக்கலை முடித்துவிட்டுக் காரில் கொண்டுவந்தாள். காலையில் நேராக அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், மாட்டிவிட்டு, டிப்போவில் இறக்கிவிடுவதாகப் பேச்சு. பிரேக் போட்டால் உருளாமல் இருக்கத் தலையணை வைத்துப் பின்சீட்டில் நீளவாக்கில் படுக்கப் போட்டு, தூசி படாமல் போர்வையால் மூடினாள்.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. டார்ச் சுற்று முடிந்திருந்தது. வாசலில் இடம் இல்லாமல் தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக வண்டியை விட்டாள். ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் நனைந்த குடை. காலை எடுக்க இன்னொரு நடை வரலாம் என்று நினைத்தாள். சாப்பிட்டாள். உட்கார்ந்தாள். அவ்வளவுதான் ஞாபகம்.

விடிந்து ஆறு மணிக்குக் கணவரின் போன் அடித்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். இவள் எடுத்தாள். மூலைவீட்டுக்காரர் மூச்சு வாங்கச் சொன்னார்: நாலு வண்டியின் கண்ணாடி போயிருக்கிறது, தொட்டி வரைக்கும் உடைத்துக்கொண்டே போயிருக்கிறான்.

தொட்டி வரைக்கும்.

செருப்பைக்கூடத் தேடவில்லை. சாவியை மட்டும் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள்.

முதல் வண்டி சாம்பல் நிறம். பக்கக் கண்ணாடி பொடிப்பொடியாகச் சீட்டில் கொட்டிக் கிடந்தது. உள்ளே ஒன்றுமே வைக்காத வண்டி அது. டாஷ்போர்டுப் பெட்டி மட்டும் வாயைப் பிளந்து தொங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதின் பின்கதவு திறந்தே கிடந்தது. நடக்க நடக்க அவள் மனது கணக்குப் போட்டது. புதிதாகச் செய்ய மூன்று வாரம். பரிசோதனைக்கு நாலு மணி நேரம். திருடனுக்கு அந்தக் கால் எதற்கும் ஆகாது. எந்தச் சாக்கடையிலாவது எறிந்துவிட்டுப் போயிருப்பான். கண்டக்டரம்மா இந்நேரம் சீருடைக்கு இஸ்திரி போட்டு முடித்திருப்பார். அவரிடம் என்ன சொல்வது? தெருவுக்கே பாடம் எடுக்கிறவரின் பெண்டாட்டி, ஒரே ஒரு நாள் மறந்துபோனேன் என்றா?

நாலாவது வண்டியைத் தாண்டினாள். அடுத்தது அவளுடையது.

கண்ணாடி இருந்தது. நாலு பக்கமும் இருந்தது. உள்ளே தலையணை, போர்வை, போர்வைக்கு வெளியே எட்டிப் பார்க்கும் கறுப்பு ஷூ. எல்லாம் வைத்தது வைத்தபடி.

அவள் காரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள். அழுகை வருமா சிரிப்பு வருமா என்று தெரியாத ஒரு மூச்சு வந்தது.

பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். மாடிவீட்டு அக்கா. காலை நடைக்குப் போனவர், முகத்தை ரொம்ப வருத்தமாக வைத்துக்கொண்டிருந்தார்.

“உள்ள கூப்ட்டுக்கோம்மா” என்றார் மெதுவாக. “புருஷன் பொண்டாட்டின்னா சண்டை வரத்தான் செய்யும். அதுக்காக மனுஷனக் கார்லயா படுக்க வெக்கிறது? ஷூவக்கூடக் கழட்டல, பாவம்.”

“யாரக்கா?”

“உன் வீட்டுக்காரரத்தான். தலையோட இழுத்துப் போத்திட்டுத் தூங்குறாரு. எழுப்பினா சங்கடப்படுவாருன்னு சத்தமில்லாமத் தாண்டிப் போயிட்டேன்.”

அதே சமயம் தெருவில் டார்ச் மாமா வந்துகொண்டிருந்தார், ஈரத்தலையும் தோளில் துண்டுமாக. அக்கா அவரைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“அப்ப உள்ள இருக்கறது யாரு?”

அவள் கதவைத் திறந்து, போர்வையை விலக்கி, செயற்கைக் காலை வெளியே எடுத்தாள். அக்கா இரண்டடி பின்னால் போய், பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தெருவோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு தோள் குலுங்கியதில் தெரிந்தது.

கணவர் சிரிக்கவில்லை. அவர் கண் ஓட்டுநர் பக்கக் கதவில் இருந்தது. கண்ணாடியைச் சுற்றிய ரப்பரை ஓரிடத்தில் கம்பி விட்டு நெம்பியிருந்தார்கள். பாதியில் விட்டிருந்தார்கள். பின்கண்ணாடியில் படிந்த ஈரத்தில், இரண்டு கையையும் குவித்து எட்டிப் பார்த்த தடம் காயாமல் இருந்தது.

“ஆரம்பிச்சிருக்கான்” என்றார். “உள்ள ஆள் இருக்குன்னு பயந்து ஓடியிருக்கான்.”

“என்னங்க, நேத்து நான் எடுக்க மறந்துட்டேன்” என்றாள் அவள்.

அவர் உடைந்த நாலு வண்டிகளையும் திரும்பிப் பார்த்தார். மூன்று மாதமாகக் குடையும் டப்பாவும் எடுக்கச் சொல்லிக் காலி செய்யவைத்த வண்டிகள். பிறகு அவள் கையிலிருந்த காலைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் தயாராக இருந்தாள்.

“மணி ஆகுது. ஷூவுல தூசி இருக்கு பாரு” என்று தோளிலிருந்த துண்டை எடுத்து அவரே துடைத்துக் கொடுத்தார்.

பன்னிரண்டரைக்குக் கண்டக்டரம்மா கூப்பிட்டார். பின்னணியில் பஸ் என்ஜின் ஓடும் சத்தம். மூன்று முறை ஏறச் சொன்னார்களாம், இவர் நாலு முறை ஏறிக் காட்டினாராம். டாக்டர் போதும் போதும் என்றாராம். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ராத்திரி நடந்த கதையை அவள் சொன்னாள்.

“வேலையில சேர்றதுக்கு முன்னாடியே நைட் டூட்டி பாத்துட்டேனா?” என்று கேட்டுவிட்டு ஒரே சிரிப்பு. சிரிப்பு முடிகிற இடத்தில் குரல் உடைந்தது. இவளும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரவு எட்டு மணிக்கு வழக்கம்போல் குழுவில் செய்தி வந்தது. ‘இன்று பொருள் விட்டுச் சென்றவர்’ என்பதற்குக் கீழே அவர்கள் வண்டி எண், அவள் பெயர். பொருள் என்ற இடத்தில், ‘கால், ஒன்று.’ வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்க்கிற ஆள் இல்லை அவர். அடுத்த நிமிடமே மாடிவீட்டு அக்கா பதில் போட்டிருந்தார்: தெருக்காரர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொன்று கிடைக்குமா?

சுற்று முடிந்து வந்து டார்ச்சை ஆணியில் மாட்டியவர், கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

“பட்டறையில வேண்டாம்னு போட்ட கால் ஏதாவது கெடக்குமா?” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“கெடக்கும். இடதா, வலதா?”

அவர் உண்மையாகவே யோசித்தார்.