விளிம்பில் மட்டும் பிடிக்கவும்

பழைய வெள்ளிக்காசு பார்த்துத் தரம் சொல்பவரின் உடம்பில் நிறம் ஏறத் தொடங்கியது அவருடைய நாற்பத்தோராவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை. முதலில் இடது காதுமடலின் ஓரத்தில் வைக்கோல் மஞ்சள். மறு வருடம் அது செம்பழுப்பாகி, பிறகு ஊதாவாகி, மயில்கழுத்து நீலத்தில் நின்றது. ஐம்பது வயதில் நெஞ்சுவரை இறங்கிவிட்டது. பழைய வெள்ளிக்கு நிறம் ஏறும் வரிசையே அதுதான் என்பதால் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். சட்டை அளவு மாறவில்லை.

கடைத்தெரு மாடியில், வடக்கு ஜன்னலை ஒட்டி அவருடைய மேசை. விரல் ரேகை பதிந்துவிடாதபடி காசை விளிம்பில் மட்டும் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். அச்சில் அடித்ததா, வார்ப்பில் ஊற்றிய போலியா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, யாராவது துடைத்திருக்கிறார்களா என்பதையெல்லாம் சின்னக் காகித உறையில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்கு எங்கேயும் மறுபேச்சு கிடையாது.

துடைப்பதைப் பற்றி அவர் மனைவிக்குத் தெரியும். கல்யாணமான முதல் மாதம், கணவரை அசத்த நினைத்து, அலமாரியில் கறுத்துக் கிடந்த பதினோரு காசுகளைப் பல்பொடி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அடுக்கி வைத்தாள். அவர் வந்து பார்த்தார். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "நல்லாத்தான் மின்னுது," என்றார். "முந்நூறு வருஷம் அதுமேல ஏறின காலம், ஒரு மத்தியானத்துல போயிடுச்சு. பரவாயில்ல, விடு." அதற்குமேல் அதைப் பற்றி அவர் ஆயுளுக்கும் பேசவில்லை. அதன்பின் அந்த வீட்டில் அவள் காசைத் துணியோடு நெருங்கவில்லை. அவரை மட்டும் எங்கு வேண்டுமானாலும் தொட்டாள்.

தெருக்கோடியில் இன்னொரு நாணயக்காரர் இருந்தார். எந்நேரமும் லென்ஸைச் செருகியிருந்ததால் ஒற்றைக்கண் என்று பெயர். நிறம் கன்னத்துக்கு வந்த வருடம் அவர் கிளப்பிவிட்டார்: "கந்தகப் புகை காட்டிக்கிறான்யா. காசுக்குக் காட்டிப் பழசுன்னு ஏமாத்துறானுங்க, மூஞ்சிக்குக் காட்ட எவ்வளவு நேரமாகும்?" ஆள் போலியென்றால் கையெழுத்து? உறைகள் திரும்பி வர ஆரம்பித்தன. மனைவி கொதித்தாள்.

"போய் நாலு வார்த்தை கேளுங்களேன்!"

"அவன் கேக்கறது சரிதானே. நானா இருந்தாலும் சந்தேகப்படுவேன்," என்றார் அவர், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அறுபத்தெட்டாவது வயதில், ஒரு காலை வேளையில், உறையில் பாதி எழுதிய நிலையில் அவர் இறந்துபோனார். அதற்குள் உள்ளங்கால்வரை நிறம் நிறைந்திருந்தது.

அவருடைய தம்பி வாளியும் சோப்பும் நாருமாக வந்தார். "அண்ணி, தேய்ச்சா பழைய கலர் வந்துடும். வேஷம் போட்டுட்டே செத்தான்னு நாளைக்குப் பேசுவாங்க, வேணாம்."

"நாரைக் கீழ வைங்க," என்றாள் அவள். "ஒரு தடவை நான் தேய்ச்சது போதும்." பிறகு ஒற்றைக்கண்ணுக்கு ஆள் அனுப்பினாள்.

அவர் தலையைத் தொங்கப்போட்டபடி வந்தார். "இருக்கறப்போ நேர்ல பாக்கத் தைரியம் வரலம்மா."

"இப்ப பாருங்கண்ணே. பாத்துட்டு உள்ளதைச் சொல்லுங்க."

ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். ஒற்றைக்கண் லென்ஸைச் செருகி, காதிலிருந்து பாதம்வரை முக்கால் மணி நேரம் பார்த்தார். வலது கன்னத்தில் நின்றார். அங்கே நீலத்துக்கு அடியில், மஞ்சள் ஏறிய காலத்தில் பதிந்து, மேலே ஏறிய ஒவ்வொரு நிறத்தோடும் சேர்ந்து முதிர்ந்த ஐந்து விரல்களின் ரேகை இருந்தது. அவளுடைய கையை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். லென்ஸைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"இதைப் புகை போட்டுக் கொண்டுவர முடியாது," என்றார். "இருபத்தஞ்சு வருஷமாவது ஆகியிருக்கும். அசல்."

பையிலிருந்து உறையை எடுத்து எழுதினார்: அசல். துடைக்கப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். "ஆனா, கைரேகை இருக்கு. நம்ம தொழில் சட்டப்படி தரத்துல ஒரு படி குறையும்மா."

"குறைங்க," என்றாள் அவள். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அவரைத் தூக்கினார்கள். ஆறு பேர். யாரும் சொல்லாமலே எல்லோரும் விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.