வலது மூலைக்கு ஒரு ஆள்

கார்வெல் ஊரில் ஆட்டம் நடக்கிற நேரத்தில், ஆட்டக்காரர்களின் படம் அச்சடித்த பேஸ்பால் அட்டைகளில் ஆட்டக்காரர்கள் இருக்கமாட்டார்கள். மதியம் ஒன்றரைக்கு முதல் பந்து வீசப்பட்டதும் அட்டைகள் காலியாகிவிடும். புல்லும், கொஞ்சம் வேலியும், அதற்கு மேல் வானமும் மட்டும் மிஞ்சும். ஆட்டம் முடிந்து கால்மணி நேரத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, அச்சடித்தபோது நின்ற மாதிரியே மட்டையைத் தோளில் சாய்த்து நிற்பார்கள். சட்டையில் மட்டும் மண் ஒட்டியிருக்கும். மழையில் ஆடிய நாட்களில் அட்டையே சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். சிக்கமோர் தெருப் பெண்கள் அவற்றைத் துணிக்கொடியில் காலுறைகளுக்கு நடுவே கிளிப் போட்டுக் காயவைப்பார்கள். 1951இல் ஹார்டுவேர் கடைக்காரர் இதைப் பற்றி, அட்டைகளை பபிள்கம்மோடு சேர்த்து விற்கும் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். பதிலுக்கு ஒரு நன்றிக் கடிதமும் இரண்டு பாக்கெட் பபிள்கம்மும் வந்தன. அதோடு அந்த விஷயம் முடிந்தது.

இதெல்லாம் ஊரின் சொந்த அணியான கார்வெல் நாரைகளின் அட்டைகளில் மட்டும்தான். மற்ற அணிகளின் அட்டைகள் சாதாரண அட்டைகள். சனிக்கிழமை நிக் பெட்ரக்காவின் முடிதிருத்தும் கடையில் இரண்டு வெளியூர்க்காரர்களைக் கொடுத்தால் ஒரு நாரை கிடைக்கும். நனைந்து காய்ந்த நாரை என்றால் ஒன்றுக்கு ஒன்று. இரண்டு பேரும் அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, இரண்டு பேரும் "முடிஞ்சது" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் திரும்பக் கேட்க முடியாது.

அட்டையின் பின்பக்கம் ஐந்து வரிகள் அச்சடித்திருக்கும்: பெயர், ஆடும் இடம், அணி, எந்தக் கை, வீடு இருக்கும் ஊர். ஒரு ஆட்டக்காரர் வேறு அணிக்கு மாறினால் பழையதைப் பேனாவால் அடித்துவிட்டுப் புதியதை மையில் எழுதுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். கார்வெலில் கொஞ்சம் கவனமாக எழுத வேண்டும். நிக் ஒருமுறை பேச்சுவாக்கில், பந்து பிடிப்பவரின் அட்டையில் பந்து வீசுபவர் என்று எழுதிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் பந்து வீசி, அணி பதினான்கு ஓட்டத்தில் தோற்றது. அதே சமயம், அச்சில் வரி இல்லாத எதையும் எழுத முடியாது. பல் டாக்டர் ஸ்ப்ரேக் ஒரு ஆட்டக்காரரின் பெயருக்குப் பக்கத்தில் 'கெட்டிக்காரர்' என்று எழுதிப் பார்த்தார். மை, மெழுகுத் தாளில் விழுந்த தண்ணீர் போல உருண்டு அவர் மடியில் சிந்தியது.

பெர்னிஸ் கோவாச் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். அவள் கணவன் அலோய்ஸ் அதே தொழிற்சாலையில் மணல் கலக்கும் இடத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து, 1955இல் நுரையீரலை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். அதன் பிறகு சமையலறை மேஜைதான் அவன் மைதானம். சர்க்கரை டப்பாவில் எட்டு நாரைகளைச் சாய்த்து நிறுத்தி, போர்வையைக் கால்மேல் போட்டுக்கொண்டு காத்திருப்பான். திரும்பி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே யார் ஜெயித்தது, எத்தனை வித்தியாசம் என்று சொல்லிவிடுவான். வானொலி பிறகுதான் சொல்லும். எட்டு அட்டைகளுக்கு அப்புறம் டப்பாவின் வலப்பக்கம் ஒரு அட்டை அகலத்துக்கு இடம் விட்டிருப்பான். அது வலது மூலை ஆட்டக்காரர் லமார் டூலியின் இடம். அலோய்ஸும் ஒரு காலத்தில் தொழிற்சாலை அணியில் வலது மூலையில் நின்றவன்தான்.

டூலியின் அட்டை கிடைக்காததற்கு அவன் பெருமை காரணமில்லை. அணியில் அவன் ஒருவன்தான் உள்ளூர்க்காரன். அதைத் தவிர அவனிடம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நூறு தடவை மட்டை பிடித்தால் இருபத்தொரு தடவைதான் உருப்படியாக அடிப்பான். அதனால் ஊர் முழுக்க அவன் அட்டைகளை சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளில் படும்படி கிளிப் போட்டு மாட்டி, 'டர்ர்' என்று சத்தம் கேட்டுக் கேட்டு நார் நாராகக் கிழித்துவிட்டார்கள். 1957இல் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது டாக்டர் ஸ்ப்ரேக்கின் அலமாரியில் இருந்தது.

அந்த வருடம் ஜூலையில், நாரைகளின் முதலாளி அணியை மேற்கே பாலைவனத்து ஓரத்தில் இருக்கும் சான் அமாரோ நகரத்துக்கு விற்றுவிட்டார் என்று பத்திரிகையில் வந்தது. ஊர் அழுதது. மதுக்கடையில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அதே வாரம்தான் தொழிற்சாலை டாக்டர் அலோய்ஸின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பெர்னிஸை வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"இந்தப் புகையில இன்னொரு குளிர்காலம் தாங்கமாட்டார், மிசஸ் கோவாச். மேற்கே கூட்டிட்டுப் போயிடுங்க. காஞ்ச காத்துதான் மருந்து."

"மேற்கேன்னா எவ்வளவு தூரம் டாக்டர்? என் சம்பளத்துல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகலாம்."

டாக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு நாரைகள் கார்வெலில் கடைசி ஆட்டத்தை ஆடித் தோற்றார்கள். கால்மணி நேரம் கழித்து அட்டைகளுக்குத் திரும்பியபோது எல்லோர் கையிலும் பெட்டி இருந்தது. மட்டைக்குப் பதில் பெட்டி. ரயில் வியாழக்கிழமை. எட்டுப் பேரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்பதை பெர்னிஸ் பாத்திரம் கழுவியபடியே பார்த்தாள். எட்டுப் பேரும் காய்ந்த காற்றுக்குப் போகிறார்கள். ஒருத்தருக்கும் இருமல் கிடையாது. அவள் கண் அந்தக் காலி இடத்தில் போய் நின்றது. அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள்.

மறுநாள் காலை நிக்கின் கடையில் டாக்டர் ஸ்ப்ரேக் கழுத்துவரை துண்டு போர்த்தி, கன்னத்தில் நுரையோடு சாய்ந்திருந்தார். பெர்னிஸ் எட்டு அட்டைகளையும் கண்ணாடி முன்னால் விரித்தாள்.

"எட்டு நாரை டாக்டர். ஒரு மடிப்புக் கிடையாது. உங்க டூலியைக் குடுங்க."

"எட்டா? அந்த டூலிக்கா?" நிக் கத்தியை அந்தரத்தில் நிறுத்தினார். "ஏம்மா பெர்னிஸ், போன வாரம் தலைக்கு நேரா வந்த பந்தை, தொப்பிக்குள்ள தேடினவன் அவன்!"

"நீங்க கத்தியைப் பாருங்க நிக். டாக்டருக்கு இருக்கிறதே ரெண்டு காது."

ஸ்ப்ரேக் ஒரு கண்ணைத் திறந்தார். "என்கிட்ட ஒன்பதும் இருக்கு. இவனைக் குடுத்தா செட்டு போச்சே."

"வியாழக்கிழமை ரயில் போயிட்டா ஒன்பதும் வெறும் புல்லு. புல்லுக்கு எதுக்கு டாக்டர் செட்டு?"

"அப்ப உனக்கு மட்டும் எதுக்காம்?"

"எங்க வீட்டுல ஒரு இடம் காலியா இருக்கு."

ஸ்ப்ரேக் கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்தார். அப்புறம் வீட்டுக்கு ஆள் அனுப்பி அட்டையை வரவழைத்தார். கவிழ்த்து வைத்தார்கள். இருவரும் "முடிஞ்சது" என்றார்கள். நிக் அதன் பிறகும் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அட்டையில் டூலி மற்றவர்களைப் போல நிற்கவில்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். பெர்னிஸ் நேராக அவன் குடியிருந்த பேக்கரி மாடிக்குப் போனாள். அங்கேயும் அவன் பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தான். கீழே ரொட்டி அடுக்கும் பெக்கி என்ற பெண்ணை விட்டுவிட்டு எங்கேயும் போக அவனுக்கு மனமில்லை. பெர்னிஸ் விஷயத்தைச் சொன்னாள்.

"நான் ரயில்ல இல்லைன்னா தேடுவாங்களே மிசஸ் கோவாச்?"

"தம்பி, கோவிச்சுக்காதே. மைதானத்துல நிக்கும்போதே உன்னை யாரும் தேடினதில்லையே."

டூலியின் முகம் சிவந்தது. பிறகு அவனே சிரித்துவிட்டான். "சரி, நான் இங்க என்ன பண்றது?"

"பேக்கிங்ல ஆள் எடுக்கிறாங்க. பாட்டில் பறந்து வராது. கையிலயே குடுப்பாங்க."

அவன் தன் தொப்பியை மேஜையில் கவிழ்த்து வைத்தான். பெர்னிஸ் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். "முடிஞ்சது" என்றான். அவளும் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அலோய்ஸ் காபியைப் பாதி குடித்திருந்தபோது அவள் பேனாவை எடுத்து வந்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

"வாசல் வரைக்கும் நடக்க மூச்சு பத்தல. நான் போய் வலது மூலையில ஓடணுமா?"

"அங்க பந்தே வராது, அல்."

"வந்துடுச்சுன்னா?"

"டூலி என்ன பண்ணினானோ அதையே பண்ணு."

அவன் சிரிக்கப் போய் இருமி, இருமி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. "நீ?"

"நான் இங்கதான். அட்டையைப் பாத்துக்க ஒரு ஆள் வேணாமா? நனைஞ்சா யாரு காயப்போடுவா?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். அது எழுதுகிற கை என்பதால் அவள்தான் விடுவித்துக்கொள்ள வேண்டியிருந்தது. லமார் டூலி என்பதை அடித்துவிட்டு அலோய்ஸ் கோவாச் என்று எழுதினாள். கார்வெல் நாரைகள் என்பதை அடித்துவிட்டு சான் அமாரோ நாரைகள் என்று எழுதினாள். மை ஒட்டியது. நாற்காலியில் போர்வை மட்டும் இருந்தது, சூடாக. அட்டையில் அலோய்ஸ், பூட்டு கெட்டுப்போய் பெல்ட்டால் கட்டிய அவர்கள் கல்யாணப் பெட்டியோடு நின்றான். நிமிர்ந்து நின்றான்.

ரயில் போனது. மற்ற எல்லார் வீட்டு நாரைகளும் புல்லும் வேலியும் வானமும் ஆனார்கள். பெர்னிஸின் அட்டை மட்டும் அப்படி ஆகவில்லை. அதன் பின்பக்கத்துக் கடைசி வரியை அவள் தொடவில்லை என்பதே காரணம். வீடு இருக்கும் ஊர், கார்வெல் என்றே இருந்தது. ஆகவே ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அலோய்ஸ் சர்க்கரை டப்பாவுக்குத் திரும்பினான், வெளுப்பான காய்ந்த மண்ணைச் சட்டையில் ஏற்றிக்கொண்டு. இருமல் ஜனவரிக்குள் நின்றுவிட்டது. ஏப்ரலில் மூன்று வாரம் பந்தைக் கண்ட இடத்துக்கு எறிந்துகொண்டிருந்தான். அவன் இடக்கைக்காரன், டூலி வலக்கைக்காரன், அந்த வரியை மாற்ற பெர்னிஸ் மறந்திருந்தாள். மாற்றினாள். அந்த வருடம் நூற்றுக்கு இருபத்து மூன்று தடவை உருப்படியாக அடித்தான். சான் அமாரோவில் யாரும் ஆள் மாறியதைக் கவனிக்கவில்லை. டூலி பேக்கிங் பிரிவில் ஒரு பாட்டிலைக்கூடக் கீழே போடவில்லை, பெக்கியைக் கட்டிக்கொண்டான்.

வீடு கார்வெலில் இருந்ததால் அடுத்த அக்டோபரில், போட்டிகள் முடிந்ததும் அலோய்ஸ் ஆளாகவே வீட்டுக்கு வந்தான். பெட்டி நிறைய எலுமிச்சை. முகம் செங்கல் நிறம். பெர்னிஸ் அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். டிசம்பரில் இருமல் தொடங்கியது. மார்ச்சில் அவன் அட்டைக்குப் போனதும் சரியானது. அடுத்த வருடம் நவம்பரிலேயே தொடங்கியது, மார்ச் வரை நீடித்தது. போர்வையிலிருந்து எழ அவள் தோள் தேவைப்பட்டது. அவன் போன பிறகு தொழிற்சாலை டாக்டரிடம் சொன்னாள்.

"இன்னொரு குளிர்காலம் இந்தப் பக்கம் வந்தா, திரும்பிப் போகமாட்டார்" என்றார் டாக்டர்.

எனவே 1960 அக்டோபர் இரண்டாம் தேதி, சான் அமாரோவில் அந்த வருடத்தின் கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, பெர்னிஸ் காலி அட்டையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். வீடு இருக்கும் ஊர் என்ற கடைசி வரி, கார்வெலில் யாரும் தொட்டிராதது. எழுதினால் அவன் திரும்பும் இடம் இனி இது இல்லை. டப்பாவில் சாயும் இரண்டரை அங்குலப் படம்கூட இல்லை, புல்லும் வேலியும் வானமும்தான். எழுதாவிட்டால் இன்னும் நாலு நாளில் வாசலில் வந்து நிற்பான், எலுமிச்சையோடு, சாவதற்கு. அவள் இரண்டு தடவை பேனாவை மூடினாள். ஆட்டம் ஏழாவது சுற்றில் இருக்கும்போது, கார்வெல் என்பதை அடித்துவிட்டு, சான் அமாரோ என்று எழுதினாள். எழுத்து நன்றாகவே வந்தது. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, போர்வையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுது, அப்படியே தூங்கிப்போனாள்.

வெயில் தப்பான ஜன்னல் வழியாக வந்ததால் விழித்தாள். ஏதோ ஒன்று கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. எலுமிச்சைக் கிளை. காற்றில் புகை வாசனை இல்லை. வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து, கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்கால் வரை வெளுத்த மண்ணோடு அலோய்ஸ் உள்ளே வந்தான்.

"ஒரு பந்து வந்துச்சு, பெர்னிஸ்" என்றான். "பிடிச்சுட்டேன். காபி இருக்கா?"

கார்வெலில், சிக்கமோர் தெரு நாற்பத்தோராம் எண் வீடு இல்லாததை முதலில் பார்த்தவர் மறுநாள் காலை பால்காரர். இரண்டு பாட்டிலை வேலியோரம் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நகராட்சி ஆள் வந்து சுற்றிப் பார்த்து எதையோ குறித்துக்கொண்டார். தபால்காரர் கடிதங்களை சான் அமாரோவுக்குத் திருப்பிவிட்டார். அவை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. டாக்டர் ஸ்ப்ரேக் அந்த மனையை விலைக்குக் கேட்டார், டூலி குறுக்கே நின்று வேண்டாம் என்றான், அவரும் வற்புறுத்தவில்லை. இன்றைக்கும் அங்கே யாரும் ஒன்றும் கட்டவில்லை. புல் இருக்கிறது, கொஞ்சம் வேலி இருக்கிறது, அதற்கு மேல் வானம். வெளியூர்க்காரர்கள் யாராவது கோவாச் வீடு எங்கே என்று கேட்டால், பேக்கிங் வேலை முடிந்து வரும் டூலி ரொட்டியைக் கை மாற்றிக்கொண்டு அந்தப் புல்லைக் காட்டுவான்.

"இதாங்க வீடு. ஆட்டத்துக்குப் போயிருக்கு."