சுந்தரம்பாள் எழுதாத பத்தி

யோகநாதன் அவுஸ்திரேலியாவில் கால் வைத்ததில்லை. அந்த நாட்டுச் செம்மறியாட்டைக்கூட அபுதாபி இறைச்சிக் கடையில் தோலுரித்துத் தொங்கும்போதுதான் பார்த்திருக்கிறார். ஆனாலும் கன்பெராவில் எந்த அமைச்சர் எந்தக் கேள்விக்கு எப்படி மழுப்பினார் என்று கேட்டால், திகதியோடு சொல்லுவார்.

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு கட்டட ஒப்பந்தக் கம்பனியில் அவர் ஸ்டோர் கீப்பர். அது விசாவில் எழுதியிருந்த தொழில். எண்பத்துமூன்றுவரை கொழும்பில் ஒரு தமிழ் நாளேட்டில் பதினாறு வருடம் துணை ஆசிரியராக இருந்தவர். அந்த வருடக் கலவரத்தில் வீடு எரிந்தது, வேலையும் போனது, பேனா மட்டும் சட்டைப் பையில் தப்பி வந்தது. கம்பனியின் மெல்பேர்ண் என்ஜினியர் வாசித்து முடித்த பத்திரிகைகள், கண்ணாடிச் சாமான் சுற்றுவதற்காக ஒரு வாரம் பிந்தி ஸ்டோருக்கு வரும். யோகநாதன் ஸ்டோருக்கு வந்த நாளிலிருந்து கண்ணாடிச் சாமான்களுக்குச் சாக்குத்தான். மிச்சத்துக்கு வீட்டு பால்கனியில் ஒரு சிற்றலை வானொலி இருந்தது.

பழைய சக ஊழியர் ஒருவர் மெல்பேர்ணில் மாதம் இருமுறை தமிழ்ப் பத்திரிகை நடத்தினார். அங்கே இருக்கும் தமிழர்கள் அரசியல் எழுதக் கேட்டால், ஒன்று பயப்படுகிறார்கள், இல்லாவிட்டால் அமைச்சரோடு எடுத்த படத்தை அனுப்புகிறார்கள் என்று அவர் சலித்துக்கொண்டார். ஆகவே அவுஸ்திரேலிய அரசியலை அவுஸ்திரேலியத் தமிழர்களுக்கு அபுதாபியிலிருந்து எழுதிக்கொடுக்கும் பொறுப்பு யோகநாதனிடம் வந்தது. அவர் அதில் வியப்பதற்கு ஒன்றையும் காணவில்லை.

பெயர்தான் இடைஞ்சல். ஸ்டோர் கீப்பர் பத்திரிகையில் எழுதுவது விசா தந்த அரபு முதலாளியான கஃபீலின் காதுக்குப் போனால் விசா போய்விடும். எங்கள் எழுத்தாளர்கள் இப்படியான இக்கட்டில் வழக்கமாகச் செய்வதை அவரும் செய்தார். மனைவியின் பெயரைப் போட்டுக்கொண்டார். முதல் பத்தி அச்சாகி வந்த பிறகுதான் மனைவிக்குச் சொன்னார். தன் பெயரில் பிழையாக ஒன்றும் எழுதிவிட வேண்டாம் என்று மட்டும் அவள் கேட்டுக்கொண்டாள். தாலி கட்டி இருபத்தாறு வருடத்தில் சுந்தரம்பாள் எழுதியதெல்லாம் ஊருக்குக் கடிதமும் கடைக்குச் சாமான் சிட்டையுந்தான்.

அச்சில் அவள் வேறு ஆள். தொண்ணூற்றாறில் ஆட்சி மாறியது. புதிய பிரதமர், தேர்தலில் தந்த வாக்குறுதிகளில் மையமானவை சில, மையமில்லாதவை சில, முன்னவற்றைக் காப்பாற்றினால் போதும் என்று பிரித்தார். ‘இது தெரியாமல் நாங்கள் தாலி கட்டும்போது எல்லாவற்றையும் மொத்தமாக நம்பிவிட்டோமே’ என்று எழுதினாள் சுந்தரம்பாள். செப்டெம்பரில், மீன் பொரித்து விற்ற பெண்மணி ஒருத்தி பாராளுமன்றத்துக்கு வந்து, ஆசியர்கள் வந்து நாட்டையே மூழ்கடிக்கப் போகிறார்கள் என்று கன்னிப் பேச்சுப் பேசினாள். பத்திரிகைகள் ஒருபக்கம் அவளைக் கண்டித்தன. மறுபக்கம் முழுநீளப் படம் போட்டன. ‘கண்டனத்துக்கு ஒரு பத்தி, படத்துக்கு ஐந்து பத்தி, பத்திரிகைத் தர்மம் எவ்வளவு அகலமென்று அடிமட்டம் வைத்து அளந்துகொள்ளலாம்’ என்றாள் சுந்தரம்பாள்.

இந்தச் சமயத்தில்தான் மகள் பிரஷாந்திக்கு மெல்பேர்ணிலிருந்து சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை பிரவீணன், என்ஜினியர். தகப்பன் தில்லையம்பலம் எழுபத்தைந்திலேயே அங்கே போய்க் குடியேறியவர். பெண் வீட்டு விபரத்தை யோகநாதனே தன் கையெழுத்தில் எழுதி அனுப்பினார். மூன்று தலைமுறையாக ஆசிரியர் குடும்பம், எவர் வாசலிலும் போய்க் கைகட்டி நின்றதில்லை என்று எழுதிவிட்டு, ‘தாயார்: சுந்தரம்பாள். குரல் உயர்த்திப் பேசி அறியாதவர்’ என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியில் அவருக்குத் தனிப் பெருமை.

சம்பந்தம் முற்றாகிற நிலையில், தொலைபேசியில் ஊர்க்கதை பேசும்போது தில்லையம்பலம் தன் சாமர்த்தியம் ஒன்றைச் சொன்னார். வானொலியில் நேயர்கள் பேசும் நிகழ்ச்சிக்கு அவர் போன் எடுத்தாராம். தில்லையம்பலத்தை வெள்ளைக்காரப் பெயராகச் சுருக்கி, மெல்பேர்ண் கிளென் வேவர்லியிலிருந்து டிம் பேசுகிறேன் என்று தொடங்கி, மீன்கடை அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, இப்போது வருகிறவர்களின் தரம் சரியில்லை என்றாராம். அறிவிப்பாளர் ‘நன்றி, டிம்’ என்றதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

பதினாறு வருடம் பத்திரிகையில் இருந்த மனிதனிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பதினாறு வருடம் பத்திரிகையில் இருந்த மனிதனும் அதை எழுதியிருக்கக் கூடாது. பெயரைத்தான் மறைத்தோமே என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு எழுதினார். ‘கடைசியாக உள்ளே வந்தவர்தான் தாழ்ப்பாள் எங்கே என்று முதலில் தேடுகிறார். தேடும்போது அவருக்கு டிம் என்று ஒரு பெயரும் கிடைத்துவிடுகிறது.’ எலெக்ட்ரா தெருவில் ஃபேக்ஸ் கடை வைத்திருந்த கீழக்கரை செய்கு அலாவுதீன், அனுப்புவதற்குமுன் வழக்கம்போல வாசித்துச் சிரித்துவிட்டு, இந்த டிம் உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா சார் என்று கேட்டார். எல்லாம் கற்பனை என்றார் யோகநாதன்.

பத்திரிகை வந்த வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. தில்லையம்பலத்தின் குரலில் வழமையான குழைவு இல்லை.

“யோகநாதன், உங்களிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் மரியாதையான மனுசன். ஆனால் உங்கட மனுசிக்கு உந்த வாய் என்னத்துக்கு? நாங்கள் ரெண்டு ஆம்பிளையள் கதைச்சதை ஒட்டுக்கேட்டு, தன்ரை பேரைப் போட்டே பேப்பரிலை எழுதி என்ரை மானத்தை வாங்கிப்போட்டா. அப்பிடிப்பட்ட தாய் வளர்த்த பிள்ளையை நாங்கள் எப்பிடி எடுக்கிறது, நீங்களே சொல்லுங்கோ.”

சுந்தரம்பாள் கையெழுத்து வைத்து மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும், அதன் பிறகே நாள் குறிப்பது என்று அவர் முடித்தார்.

யோகநாதன் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். அவர் திறக்கவில்லை. எவர் வாசலிலும் கைகட்டி நில்லாத குடும்பத்தின் தலைவர், தொலைபேசியைப் பிடித்தபடி, கதைச்சுப்போட்டுச் சொல்லுறன் என்று மட்டும் சொன்னார். மகளின் வாழ்வை நினைத்துத்தான் மௌனம் காத்தேன் என்று தனக்குத்தானே விளக்கமும் சொல்லிக்கொண்டார். கன்பெரா அமைச்சர்கள் இந்த அழகில் மழுப்பினால் அவர் இரண்டு பத்தி எழுதியிருப்பார்.

பின்னேரம் மன்னிப்புக் கடிதத்தைச் சுந்தரம்பாளின் பெயரில் அழகாக எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். அலாவுதீன் வாசித்தார். இம்முறை சிரிக்கவில்லை.

“பத்தின்னா அக்கா பேரை நீங்க போட்டுக்கிட்டீங்க, சரி. கையெழுத்தையுமா சார் நீங்களே போடுவீங்க? அக்கா போட்டுத் தந்தா அனுப்புறேன்.”

யோகநாதன் வீட்டுக்குத் திரும்பி வந்து கடிதத்தை மேசையில் வைத்தார். சுந்தரம்பாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்குக் கீழே இருந்து பத்திரிகைக் கட்டு ஒன்றை எடுத்து வந்து கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று வருடப் பத்திகள், ஒன்றும் விடாமல்.

“இஞ்சாருங்கோ, இதெல்லாம் நான் எழுதினதெண்டால் நான் மன்னிப்புக் கேக்கமாட்டன். இதிலை ஒரு பொய்யும் இல்லை. நீங்கள் எழுதினதெண்டால், கேக்கிறதோ விடுறதோ உங்கட பேரிலை செய்யுங்கோ. புகழ் வரேக்கை என்ரை பேர் உங்களுக்குப் பேனையாக் கிடந்தது. அடி விழேக்கை அது குடையோ?”

குரல் உயரவில்லை. விபரத்தில் எழுதியது அந்தளவுக்கு உண்மைதான்.

யோகநாதன் பால்கனிக்குப் போனார். வானொலி பக்கத்தில் இருந்தது; அதைப் போடவில்லை. பிறகு உள்ளே வந்து புதுத் தாள் எடுத்தார். ‘இந்தப் பத்திகளை இதுவரை எழுதியவன் நான், யோகநாதன். என் மனைவி இதில் ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மீளப் பெறவில்லை. தொலைபேசிப் பேச்சைப் பத்திரிகைக்குக் கொண்டுபோனது மட்டும் என் பிழை.’ தன் கையெழுத்தைப் போட்டார். விசா போனாலும் போகட்டும், சம்பந்தம் போனாலும் போகட்டும் என்று சொல்லிக்கொண்டே போட்டார். ஒரு பிரதி பத்திரிகைக்கு, ஒரு பிரதி தில்லையம்பலத்துக்கு. அலாவுதீன் வாசிக்காமலே அனுப்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே நேரத்தில் தொலைபேசி அடித்தது. யோகநாதன் எதற்கும் தயாராகத்தான் எடுத்தார். தில்லையம்பலம் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அட, நீங்களோ எழுதினது? அதை முதலே சொல்லியிருக்கலாமே. ஆம்பிளை எழுதினால் அது அரசியல் விமர்சனம்தானே. நான் பொம்பிளை வாயெண்டெல்லோ நினைச்சுப்போட்டன்.” பத்தியை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருப்பதாகவும், அந்த டிம் நான்தான், எழுதினது என்ரை சம்பந்தி என்று கோயிலில் நாலு பேருக்குக் காட்டியதாகவும் சொன்னார். “தை பிறக்கக் கல்யாண நாளை வைப்பம். என்ன சொல்லுறியள்?”

யோகநாதன் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு விஷயத்தை வீட்டாருக்குச் சொன்னார். மன்னிப்புக் கேட்காமலே எல்லாம் சரியாகிவிட்டது என்ற சந்தோஷம் அவர் முகத்தில் அரை நிமிடம் இருந்தது. சுந்தரம்பாள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அது போய்விட்டது.

“நான் எழுதினால் குடும்பத்துக்கு மானக்கேடு, நீங்கள் எழுதினால் சட்டம் போட்டு மாட்டுறது. அந்த வீட்டுக்கு என்ரை பிள்ளையை அனுப்ப நானும் கொஞ்சம் விசாரிக்க வேணும்.”

பிரஷாந்தி தகப்பனைப் பார்த்தாள். “அப்பா, முதல்லை நான் பிரவீணனோடை கதைக்கிறன். அவரும் எங்கையாவது டிம் எண்டு பேர் குடுத்து வச்சிருக்கிறாரோ தெரியேல்லை.”

தொலைபேசிக்குள் தில்லையம்பலம் ‘ஹலோ, ஹலோ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யோகநாதன் முதுகை நிமிர்த்திக்கொண்டார். இந்த முறை வாய் திறப்பதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.

“உங்களுக்குத் தெரியும்தானே, உங்கட நாட்டு வழக்கம்,” என்றார். “நாங்கள் தந்த வாக்கு மையமானதோ மையமில்லாததோ எண்டு வீட்டிலை இன்னும் முடிவெடுக்கேல்லை. சுந்தரம்பாள் முடிவெடுத்தாப்பிறகு அவவே உங்களுக்கு எழுதுவா.”