பட்டியலில் ஐந்தாவது வரி

நவராத்திரி முடிந்து வரும் மானம்பூத் திருவிழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. அன்று அம்மன் வீதிக்கு எழுந்தருளும்போது இடுப்பில் உடைவாள் கட்டி முன்னே நடப்பது கனகசுந்தரத்தின் குடும்பத்து உரிமை. பாட்டன் நடந்தார், தகப்பன் நடந்தார், இருபத்தாறு வருடமாக அவர் நடக்கிறார். அன்றைய சடங்கில் வாழை வெட்டுவது குருக்களின் வேலை. இவர்களுக்கு நடை மட்டும்தான். ஆனால் அந்த நடை இல்லாமல் அம்மன் வாசல் தாண்டியதில்லை.

இந்த வருடம் ஊர்வலம் துறைமுகப் பக்கத்தால் போவதால், கொண்டுபோகும் பொருட்களின் பட்டியலைப் பொலிஸ் கேட்டிருந்தது. கோயில் செயலாளர் சசிகரன் கொண்டுவந்த தாளில் ஐந்தாவது வரி: கத்தி, ஒன்று.

கனகசுந்தரம் கதிரையில் இருந்தார், எழும்பினார், யன்னல்வரை போய்த் திரும்பினார்.

"கத்தி குசினியில கிடக்கிறது, தம்பி."

"அப்ப குறுவாள் எண்டு போடட்டோ?"

"அது சாண் நீளம். இது முழத்துக்கு மேல."

"பிச்சுவா, கட்டாரி, ஏதாவது?" சசிகரன் சிரிப்பை அடக்கினான்.

"பிச்சுவா மடிக்குள்ள ஒளிக்கிறது. கட்டாரி கிட்டப் போய்க் குத்துறது. உடைவாள் எல்லாரும் காணத் தொங்கவிடுறது. எங்களுக்கு ஒளிக்க என்ன இருக்கு?"

"வாள் எண்டு கண்டால் கையெழுத்து வைக்கமாட்டினம், ஐயா. முழு ஊர்வலமும் நிண்டுபோகும்."

"நான் வந்து கதைக்கிறன்."

உடைவாளைத் துவாயில் சுற்றிக்கொண்டு சசிகரனோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். சார்ஜன்ட் ஜமால்தீன் கதிரை கொடுத்தார், இவர் இருக்கவில்லை.

"ஒருக்கா உருவிக் காட்டுங்க ஐயா."

கனகசுந்தரம் பிடியைப் பற்றி இழுத்தார். வரவில்லை. மறுபடியும் இழுத்தார். தகப்பன் காலத்திலேயே துருவேறி உறையோடு ஒட்டிப்போனது அது. வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. சசிகரன் சுவரைப் பார்த்தான். ஜமால்தீன் சிரித்திருந்தாலாவது சண்டை பிடிக்கலாம், அவர் சிரிக்கவில்லை.

"நல்லதாப் போச்சு. இது ஆயுதமில்லயே," என்று பட்டியலில் 'கத்தி' என்ற சொல்லை வெட்டி, மேலே 'அலங்காரப் பொருள்' என்று எழுதினார். "தாராளமாக் கட்டிட்டுப் போங்க."

"அதையும் வெட்டுங்கோ."

"எதை?"

"அந்த வரியை. முழுக்க."

"ஐயா, அப்ப உங்கட உரிமை?" என்றான் சசிகரன்.

"நடக்கிறது நான். அலங்காரத்துக்கு எண்டு எங்கட ஆக்கள் இடுப்பில ஒண்டும் கட்டினதில்லை."

மானம்பூவன்று பின்னேரம் வெறும் இடுப்புப் பட்டியோடு அம்மனுக்கு முன்னே நடந்தார். இடது கை எங்கே இருப்பதென்று தெரியாமல் பட்டிக்கும் சால்வைக்கும் அலைந்தது. முதுகு மட்டும் வளையவில்லை.

தெருவோரம் நின்ற நல்லம்மா கேட்டே விட்டாள். "வாளைக் காணேல்ல, அண்ணை?"

"உடைவாள்," என்றார். "வீட்டில மண்ணெண்ணெய்க்குள்ள ஊறுது. வாற வருசம் உருவிக் காட்டிப்போட்டுத்தான் கட்டுவன்."

"அப்ப பொலிஸ் விடாதே," என்றான் பின்னால் வந்த சசிகரன்.

"தெரியும்," என்றார் கனகசுந்தரம், நடையைக் குறைக்காமல்.